நண்டு வளையில் விழுந்த நெல்

ஒரு புரட்டாசியில், செங்கமலம் வீட்டு விதைக்கூடைக்குள் கருக்கா என்றொரு சோனி நெல்மணி நடுநடுங்கிக் கிடந்தாள். பாதிப் பால்தான் பிடித்திருந்தது, பாவம். ஒரே கதிரில் பிறந்த அண்ணன் பெருமணியோ பக்கத்தில் கொழுகொழுவென்று படுத்திருந்தான்.

வெளியே செங்கமலம் வாளித் தண்ணீரில் உப்பைக் கொட்டிக் கலக்கி, ஒரு முட்டையை விட்டுப் பார்த்தாள். முட்டை மிதந்தால் உப்புப் போதும். அது மிதந்தது. மிதந்ததும் அதற்கு அதிகாரமும் வந்துவிட்டது.

"கனத்தவன் அடியில போ! என்கூட மிதக்கிறவனுக்கு வயல்ல இடமில்ல!"

"அண்ணே, பயமா இருக்கு. என்னை இறுக்கிப் பிடிச்சுக்க. நானும் கீழ வந்துடறேன்."

"போடி அசடு. தகுதி இருந்தா தன்னால மூழ்குவே."

கூடை கவிழ்ந்தது. பெருமணி கல்லாட்டம் அடியில் போய் உட்கார்ந்தான். கருக்கா எவ்வளவோ மூச்சைப் பிடித்தும் மேலேயே வந்தாள். செங்கமலம் மிதந்ததையெல்லாம் அரித்து வரப்பில் வீசினாள். வரப்பு மேட்டில் ஒரு நண்டு வளையின் வாயில் விழுந்த கருக்கா, எறும்பு வருமோ குருவி வருமோ என்று செத்துச் செத்துப் பிழைத்தாள்.

பெருமணிக்கு நாற்றங்காலில் மெத்தை மாதிரி சேறு. "பாத்தியா தங்கச்சி?" என்று முளைவிட்டுச் சிரித்தான்.

அவன் பச்சை பிடிக்குமுன்னே அடைமழை கொட்டியது, கண்மாய்க்கரை உடைந்தது. வந்த வெள்ளம் யார் கனம், யார் சோனி என்று ஒருவரையும் கேட்கவில்லை. "தங்கச்சீ!" என்று ஒரே ஒரு குரல். அப்புறம் நாற்றங்கால் முழுக்க மணல்தான். மேட்டில் தனியாகக் கிடந்த கருக்காவுக்கு அழக்கூடப் பயமாக இருந்தது.

பயந்தபடியே அந்த வளை வாயில் முளைத்துத் தூர் கட்டிய கருக்கா, தை மாதம் ஒற்றையாகக் கதிர் தள்ளி நின்றாள். செங்கமலம் மூக்கின்மேல் விரலை வைத்தாள்.

"ஆத்தாடி! அம்புட்டு வெள்ளத்துக்கும் அசையாம நின்னிருக்கே! இதுல்ல வீரியமான வித்து! இனி இதையேதான் விதைக்கணும்."

கதிர் நிறையப் பிள்ளைகள். எல்லாம் அம்மா மாதிரியே அரைப்பால். செருக்குக்கு மட்டும் குறைச்சலில்லை.

"நாங்க வீரிய வித்து! அம்மா, வெள்ளத்தை எப்படிம்மா ஜெயிச்சே?"

"எங்க ஜெயிச்சேன்? நண்டு வளையில விழுந்தேன், அவ்வளவுதான்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. கடைக்குட்டி மட்டும் சிரிக்கவில்லை.

"அடுத்த வெள்ளத்துல அந்த வளை எங்கம்மா இருக்கும்?"

"தெரியலையே கண்ணு. அதுக்கு முன்னாடி உப்புத் தண்ணி வேற இருக்கு."

வரப்பில் அரிவாளோடு செங்கமலம் வந்துகொண்டிருந்தாள்.

"அம்மா," என்றது கடைக்குட்டி, "என்னை இறுக்கிப் பிடிச்சுக்க."