மலைக் கோட்டைக்குப் போன அரிசி

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால் செம்பூழி நாட்டை அதிதீரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். பெயரில்தான் தீரம். மற்றபடி எதைக் கண்டாலும் சந்தேகம். சோற்றை மூன்று பேர் ருசி பார்த்தால்தான் சாப்பிடுவான். அந்த மூன்று பேரும் பேசிவைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று நாலாவதாக ஒருவனையும் நிறுத்திவைத்திருந்தான்!

இப்படிப்பட்ட ராஜாவின் காதைக் கடிக்க ஆளா கிடைக்காது? ஆஸ்தானக் கணக்குப் பண்டிதர் விடங்கராயர் இருந்தார். அமைச்சர் வெண்காடரின் நாற்காலிமேல் அவருக்கு வெகுநாளாகக் கண்.

மலைமேல் இருந்த கோட்டைக்குக் குதிரையில் அரிசி ஏற்றிப் போகிறவன் மாறப்பன். அமைச்சர் பார்த்து வேலைக்கு வைத்த ஆள். ஒருநாள் சூரியன் உதிக்கும்போது புறப்பட்டவன், இருட்டி வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினான். மறுநாள் சபையில் பண்டிதர் எழுந்தார்.

"மகாராஜா, கோட்டை மூன்று காதம். மூட்டையோடு ஏறும்போது குதிரை பத்து நாழிகைக்கு ஒரு காதம் நடக்கும். காலியாக இறங்கும்போது பத்து நாழிகைக்கு மூன்று காதம் ஓடும். ஒன்றும் மூன்றும் நாலு. பாதி இரண்டு. ஆகப் பத்து நாழிகைக்கு இரண்டு காதம். போக வர ஆறு காதத்துக்கு முப்பது நாழிகை, அதாவது ஒரு முழுப் பகல். சூரியன் மறையும்போது இவன் வாசலில் நின்றிருக்க வேண்டும். ஆனால் வந்ததோ நாற்பது நாழிகை கழித்து!"

"மிச்சம் பத்து நாழிகை?" ராஜாவின் கண் சுருங்கியது.

"எதிரி நாட்டு எல்லை பக்கத்தில்தானே இருக்கிறது, மகாராஜா? நான் வேறென்ன சொல்ல!"

மாறப்பன் தரையில் விழுந்தான். "சாமி, நான் எங்கயும் நிக்கல. ஏறுறதுக்கே பகல் போயிடுச்சு. எம் பொண்டாட்டி புள்ள மேல சத்தியம்!"

"சத்தியம் வேறு செய்கிறானா? அப்படியானால் நிச்சயம் துரோகிதான். நாளைச் சாயங்காலம் தலையை எடுங்கள்" என்றான் ராஜா. அமைச்சரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

வெண்காடர் யோசித்தார். ஒரு பாவமும் அறியாதவன் சாகப்போகிறானே! 'இல்லை' என்று வாதாடினால் தானும் கூட்டு என்று ஆகிவிடும். அதனால் ராஜாவைவிட அதிகமாகச் சந்தேகப்பட்டார்.

"எனக்கும் சந்தேகம்தான் மகாராஜா. ஆனால் எதிரி நாட்டுக்காரன் நாளைக்கே 'அந்த ராஜா கணக்குத் தெரியாமல் ஆளைக் கொன்றான்' என்று சிரித்தால்? பண்டிதரே அதே குதிரையில், அதே மூட்டைகளோடு, காலையில் புறப்படட்டும். சூரியன் மறையும்போது வாசலுக்கு வந்துவிட்டால் மாறப்பன் தலை போகட்டும்."

"இதற்கென்ன, வந்துவிட்டுப் போகிறேன்" என்று பண்டிதர் மீசையை முறுக்கினார்.

"கோட்டைக்குப் போய்ச் சேர்ந்ததும் அதன் உச்சியில் பெரிய பந்தம் கொளுத்தச் சொல்லுங்கள். பாதி வழியில் மரத்தடியில் படுத்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது பாருங்கள்."

ராஜாவுக்கு இந்தப் பேச்சு தேனாக இனித்தது. பண்டிதரைக் கவனிக்க இரண்டு காவலர்களையும், அந்தக் காவலர்களைக் கவனிக்க வேறு இரண்டு பேரையும் அனுப்பினான்.

மறுநாள் சாயங்காலம் எல்லோரும் அரண்மனை மேல்மாடத்தில் கூடினார்கள். மாறப்பனை மண்டியிட வைத்திருந்தார்கள். கொலைச் சேவகன் வாளை உருவிக்கொண்டு நின்றான். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. வாசலில் பண்டிதரைக் காணோம்.

அப்போதுதான் கோட்டை உச்சியில் பந்தம் எரிந்தது.

"இப்போதுதான் போய்ச் சேர்கிறானா?" ராஜா துள்ளி எழுந்தான். "பகல் முழுக்க யாரோடு பேசிக்கொண்டிருந்தான்? துரோகி!"

"யாரோடும் இல்லை மகாராஜா" என்றார் வெண்காடர். "பத்து நாழிகைக்கு ஒரு காதம் என்றால், மூன்று காதம் ஏறுவதற்கே முப்பது நாழிகை. அவர் கொடுத்த நேரம் முழுக்க ஏற்றத்திலேயே தீர்ந்துவிட்டது. அவர் கணக்குப்படி பார்த்தால், கோட்டையில் மூட்டையை இறக்கிய அதே நொடியில் மாறப்பன் நம் வாசலிலும் நின்றிருக்க வேண்டும்."

"ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலா?" என்றான் ராஜா.

"மெதுவாக ஏறியது முப்பது நாழிகை, வேகமாக இறங்கியது பத்தே நாழிகை. இரண்டு வேகத்தையும் கூட்டிப் பாதியாக்கினால், ஏறவும் இறங்கவும் சமமான நேரம் ஆனதாக ஆகிவிடுமே? அங்கேதான் தப்பு. முப்பதும் பத்தும் நாற்பது. மாறப்பன் ஒரு கணமும் வீணாக்கவில்லை."

ராஜா விரல்விட்டு எண்ணினான். சந்தேகம் தீராமல் இன்னொரு தரம் எண்ணினான். பிறகு தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மாறப்பனுக்குப் போட்டான். கொஞ்சம் வெட்கமும் வந்தது, பாவம்.

மறுநாள் சபைக்குப் பண்டிதர் நொண்டிக்கொண்டே வந்தார். முந்தின நாள் புறப்பட்டு நாற்பது நாழிகை கழித்துத்தான் திரும்பியிருந்தார். கூடப் போன நாலு பேரும் எங்கேயும் நிற்கவில்லை என்று ஒரே மாதிரி சொன்னார்கள்.

"மன்னிக்க வேண்டும் மகாராஜா" என்று பண்டிதர் குனிந்தார்.

"மன்னித்தேன். ஆனால் நம் அரண்மனையில் தண்டனைக்கு உருவிய வாள் எதையாவது வெட்டாமல் உறைக்குள் போகக் கூடாது. அது எங்கள் தாத்தா காலத்து வழக்கம். கொலைச் சேவகன் நேற்றிலிருந்து வாளோடு நிற்கிறான். என்ன செய்யலாம், அமைச்சரே?"

வெண்காடர் பண்டிதரின் தலையையே பார்த்தார். பண்டிதருக்கு வேர்த்துக் கொட்டியது.

"தலைப்பாகை போதும் மகாராஜா" என்றார் அமைச்சர்.

ஆஸ்தானப் பண்டிதருக்கென்று ராஜா கையால் கட்டிய சரிகைத் தலைப்பாகை மரக்கட்டைமேல் வைக்கப்பட்டது. ஒரே வெட்டு. இரண்டு துண்டு. சபையே விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்காமல் நின்றவன் மாறப்பன் ஒருவன்தான். அவன் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.