ஹின்காலியின் குடுமி

அந்தக் காலத்தில் கரடிக்குப் பேச்சு வரும். கேட்டதற்குப் பதில் சொல்லும், கேட்காததற்குக் குறையும் சொல்லும். ஜார்ஜியா நாட்டு மலையில், மேகத்துக்கும் மேலே, ஒற்றை வீடு ஒன்று இருந்தது. தெப்ரோ என்ற பெண்ணும் அவள் கணவன் லேவானும் அதில் குடியிருந்தார்கள். பனிக்காலம் பிறந்ததும் மற்ற இடையர்கள் எல்லாம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்கிவிட்டார்கள். இவர்கள் மட்டும் இறங்கவில்லை. பிடிவாதம், வேறென்ன?

ஒருநாள் காலை, வீட்டில் உப்பு தீர்ந்துபோகிறதே என்று லேவான் கீழே கிளம்பினான். அவன் போய்க் கஞ்சி ஆறும் நேரம்கூட ஆகியிருக்காது, மலை உறுமியது. மேலிருந்து பனி சரிந்து வந்து பாதையை மூடிவிட்டது. தெப்ரோ ஓடிப்போய்ப் பார்த்தாள். பாதையும் இல்லை, ஆளும் இல்லை, எங்கு பார்த்தாலும் வெள்ளை. பெயர் சொல்லிக் கத்தினாள். கையாலேயே தோண்டினாள். எங்கே தோண்டுவது என்று தெரிந்தால் அல்லவா?

பக்கத்துக் குகையில் ஒரு கரடி இருந்தது. எவ்வளவு ஆழத்தில் ஆள் புதைந்திருந்தாலும் மோப்பம் பிடிக்கிற மூக்கு அதற்கு. ஆனால் அது பனிக்காலத் தூக்கத்துக்குப் படுத்துவிட்டது.

"கரடியண்ணே! என் வீட்டுக்காரர் பனிக்குள்ளே மாட்டிக்கிட்டார். உன் மூக்கை விட்டா எனக்கு வேற கதியில்லை" என்று தெப்ரோ அழுதாள்.

கரடி ஒரு கண்ணை மட்டும் திறந்தது. "தங்கச்சி, வரமாட்டேன்னு சொல்லலை. என் ரத்தம் தூங்க ஆரம்பிச்சிடுச்சு. காலைத் தூக்கினா கால் வரமாட்டேங்குது. வயித்துக்குள்ளே சுடச்சுட ஏதாவது போனாத்தான் உடம்பு எழும்பும்."

"என் வீட்டு வாசல் வரைக்கும் எப்படியாவது வந்து சேரு" என்று சொல்லிவிட்டு அவள் ஓடினாள்.

இருந்த ஆட்டுக்கறி முழுவதையும் பொடிப்பொடியாகக் கொத்தினாள். வெங்காயம், சீரகம், பானையைச் சுரண்டி எடுத்த உப்பு எல்லாம் போட்டு, வெந்தால் உள்ளே சாறு நிற்க வேண்டும் என்று தண்ணீரும் விட்டுப் பிசைந்தாள். கோதுமை மாவை ஒரு கை விடாமல் வழித்தெடுத்து வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். அதில் கறியை வைத்து மூடி, கொதிக்கிற தண்ணீரில் வேகவைத்தால் ஹின்காலி. அந்த நாளில் அதை நம் சோமாசி மாதிரி பாதியாக மடித்துத்தான் செய்வார்கள்.

கரடி தள்ளாடித் தள்ளாடி வாசலுக்கு வந்தது. ஆவி பறக்கிற ஹின்காலியை லபக்கென்று எடுத்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு! நகம் பட்டு மாவு கிழிந்து, சாறெல்லாம் தரையில் ஓடியது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

"சூடு தரைக்குத்தான் போச்சு, எனக்கு ஒண்ணும் வரலை" என்று கரடி பெரிதாகக் கொட்டாவி விட்டது. கண் சொருகியது. "மன்னிச்சுக்க தங்கச்சி..."

"தூங்கினே, கொன்னுடுவேன்!" என்று தெப்ரோ கத்தினாள். கரடியைப் பார்த்து இப்படிக் கத்திய பெண் அவள் ஒருத்திதான். கத்திக்கொண்டே அதன் நகங்களைப் பார்த்தாள். பிறகு மீதியிருந்த வட்டங்களை எடுத்தாள். நடுவில் கறியை வைத்து, ஓரத்தைக் கொசுவம் கொசுவமாகச் சேர்த்து, மேலே ஒரு முறுக்கு முறுக்கி, தடிமனாக ஒரு குடுமி வைத்தாள். வேகவைத்துத் தட்டில் கொட்டினாள்.

"இந்தக் குடுமியைப் பிடி. தலைகீழாத் திருப்பு. ஓரத்திலே கொஞ்சூண்டு கடிச்சு முதல்லே சாற்றை உறிஞ்சு. அப்புறம் மத்ததைத் தின்னு."

கரடி உறிஞ்சியது. சூடு தொண்டையில் இறங்கியது, வயிற்றில் இறங்கியது, காலுக்குப் போனது. காது இரண்டும் நிமிர்ந்தன. மளமளவென்று அத்தனையையும் தின்றுவிட்டு எழுந்து நின்றது.

தட்டைப் பார்த்த தெப்ரோவுக்கு முகம் வாடிவிட்டது. குடுமிகள் எல்லாம் அப்படியே கிடந்தன. "ஏண்ணே, இது நல்லா இல்லையா?"

"நல்லா இல்லாமலா? உன் மாவுப் பானையைப் பார்த்தேன், காலி. கறிச் சட்டியும் காலி. மச்சான் வந்தா என்ன கொடுப்பே?"

தெப்ரோ அதை நினைக்கவே இல்லை. அவன் வர வேண்டும் என்று எல்லாவற்றையும் போட்டுவிட்டாள், வந்தவனுக்குப் பசிக்குமே என்று தோன்றவில்லை. பசித்த கரடிக்குத் தோன்றியிருக்கிறது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"விடு விடு, நேரமாகுது" என்று கரடி கிளம்பியது.

சரிவு முழுவதும் மோந்து மோந்து போய் ஓரிடத்தில் நின்று தோண்டியது. ஒரு பாறை இடுக்கில், பனிக்கு அடியில், லேவான் சுருண்டு கிடந்தான். பொழுது சாய்வதற்குள் அவனை முதுகில் போட்டுக்கொண்டு வந்து வாசலில் இறக்கியது. விடைபெறக்கூட நிற்கவில்லை, தூக்கம் அதற்கு.

லேவானின் உதடு நீலம் பாரித்திருந்தது. தெப்ரோ அந்தக் குடுமிகளை வெந்த தண்ணீரிலேயே மறுபடி போட்டுக் குழையக் குழைய வேகவைத்து, கரண்டி கரண்டியாக ஊட்டினாள். கடைசிக் கரண்டிக்கு முன்னால் அவன் கண்ணைத் திறந்தான்.

"என்னடி இது, கறியே இல்லாத ஹின்காலி?"

தெப்ரோவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "கறியை எங்க அண்ணன் சாப்பிட்டாச்சு. இது உங்களுக்குன்னு வெச்சுட்டுப் போனது."

மறுநாள் இருவரும் குகை வாசலுக்குப் போனார்கள். உள்ளே குறட்டைச் சத்தம். "நல்லா இரு அண்ணே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அதன் தூக்கத்தைக் கலைக்காமல் திரும்பி வந்தார்கள்.

அன்று முதல்தான் ஜார்ஜியாவில் ஹின்காலிக்குக் குடுமி வைக்கிறார்கள். அதைப் பிடித்துச் சாற்றை முதலில் உறிஞ்சுகிறார்கள். எவ்வளவு பசித்தாலும் குடுமியைத் தட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். விவரம் தெரியாத விருந்தாளி யாராவது அதையும் வாயில் போட்டுக்கொண்டால், வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே கேட்பாள்: "அப்போ, இன்னும் வழியிலே இருக்கிறவருக்கு?"