பல் தெரியாத சீமை முதலை

மேலக்காட்டு ஜமீன்தாருக்கு வயிற்றெரிச்சலில் சோறே இறங்கவில்லை. கீழக்காட்டு ஜமீன்தார் கப்பலில் ஒரு சீமை முதலையை வரவழைத்துவிட்டார். அலிகேட்டராம். மூக்கு தோசைத்திருப்பி போல அகலமாம். வாயை மூடினால் கீழ்ப்பல் ஒன்றுகூடத் தெரியாதாம். மேலக்காட்டு அகழியில் கிடந்த நாட்டு முதலைக்கோ மூக்கு அவ்வளவு அகலமில்லை. வாயை மூடினாலும் கீழ்ப்பல் துருத்திக்கொண்டு நிற்கும்.

முதலைக்கு இரை போடும் சடைச்சியைக் கூப்பிட்டார். "நாளைக்கு அவன் பார்க்க வர்றான். நம்ம முதலைக்குப் பல்லு தெரியக்கூடாது. தெரிஞ்சா உன்னையே அதுக்கு இரையாப் போட்டுருவேன்!"

"ஆகட்டும் சாமி" என்று போன சடைச்சி, நிம்மதியாகப் படுத்துத் தூங்கினாள். முதலை வாயில் கைவிட அவளுக்கென்ன பைத்தியமா?

மறுநாள் கீழக்காட்டார் வந்தார். "என்ன ஓய், உம்ம முதலை வாயை மூடியும் பல்லை இளிக்குதே!" என்று சிரித்தார். மேலக்காட்டார் சடைச்சியை எரிப்பதுபோலப் பார்த்தார்.

சடைச்சி விருந்தாளியைக் கும்பிட்டாள். "உங்க முதலைக்குப் பல்லே தெரியலைன்னு ஊருல பேசிக்கிறாங்க. பாவம், அதுக்கு என்ன சாமி போடுறீங்க? கஞ்சியா?"

கீழக்காட்டார் இலையில் உட்காராமலே வண்டியேறினார். மேலக்காட்டார் அன்று இரண்டு ஆள் சோறு தின்றார்.

மறுநாள் விடிந்ததும் கீழக்காட்டு முதலைக்காரன் மூட்டை முடிச்சோடு சடைச்சி வாசலில் நின்றான்.

"அக்கா, எங்க முதலைக்கு இன்னைக்குள்ள பல்லு வெளிய தெரியணுமாம்!"