முதலை “ம்” கொட்டிய கதை

ஒரு காட்டில் ஓர் ஓணான் இருந்தது. யார் என்ன சொன்னாலும் அது தலையாட்டும். “மழை வரும்” என்றாலும் ஆட்டும், “வராது” என்றாலும் ஆட்டும். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. “நான் பெரிய கதாசிரியன் ஆகப் போகிறேன்” என்று போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் அது சொல்லிக்கொண்டும் திரிந்தது. ஒரு கதையாவது சொல்லியிருக்கிறதா என்றால், அதுதான் இல்லை.

அந்தக் காட்டில் கோடைக்கு இருந்தது ஒரே ஒரு குளம். குளத்துக்குள் ஒரு முதலை. முதலை சோம்பேறி, சிடுமூஞ்சி, ஆனால் கதைப் பைத்தியம். அதனால் மற்ற மிருகங்கள் அதனோடு ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தன. யாராவது ஒருவர் முதலைக்குக் கதை சொல்ல வேண்டும். முதலை கண்ணை மூடிக்கொண்டு “ம்” கொட்டிக்கொண்டே கேட்கும். “ம்” வருகிற வரைக்கும் மற்றவர்கள் பயமில்லாமல் தண்ணீர் குடிக்கலாம். “ம்” நின்றால் கரையேறி ஓடிவிட வேண்டும். ஓடாதவர்கள் முதலையின் வயிற்றுக்குள் போய் மீதிக் கதையை யோசித்துக்கொள்ளலாம்.

இத்தனை நாளும் கதை சொல்லிவந்தது ஒரு நாரை. கதை சொல்கிறவர்களுக்கும் வயிறு உண்டல்லவா? குளத்தில் மீன் குறைந்ததும் அது வேறு ஏரியைப் பார்த்துப் பறந்துவிட்டது.

மிருகங்கள் எல்லாம் ஓணானிடம் வந்தன.

“நீதானே கதாசிரியன் ஆகப் போறேன்னு சொன்னே? வா, வந்து சொல்லு” என்றது காட்டுப்பன்றி.

ஓணானுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “சொல்றேன். ஆனா கதைன்னா சும்மாவா? நாலு பேர்கிட்ட யோசனை கேட்டுத் தயாராகணும்” என்றது.

முதலில் அது குரங்கிடம் போனது.

“கதை எங்கிருந்து வருது தெரியுமா? உட்காருற இடத்துல இருந்து” என்றது குரங்கு. “வழவழன்னு ஒரு கல்லைத் தேடு. கிழக்கே பார்த்து இருக்கணும். மேல நிழல் விழணும். வெயிலும் படணும். அதுல உட்கார்ந்தா கதை தானா வரும்.”

“அப்போ நீங்க ஏன் இன்னும் ஒரு கதையும் சொல்லலை?”

“அந்த மாதிரிக் கல் எனக்கு இன்னும் அமையலை.”

ஓணான் தலையாட்டியது. கல்லைத் தேடியே இரண்டு நாளைக் கழித்தது.

பிறகு மயிலைப் பார்த்தது. “வர்ணனைதான் முக்கியம்” என்றது மயில். “கதைக்குள்ள ஒருத்தர் வர்றதுக்கு முன்னாடி வானத்தைச் சொல்லு, மேகத்தைச் சொல்லு, முக்கியமா ஒரு தோகையைச் சொல்லு.” ஓணான் தலையாட்டியது.

ஆமை, “அவசரப்படாதே. கதாநாயகனோட கொள்ளுத்தாத்தாவுக்குத் தாத்தா முட்டையிலிருந்து வெளியே வந்ததுல இருந்து ஆரம்பி” என்றது. அதற்கும் தலையாட்டியது.

கிளி, “எளிமையாச் சொன்னா எவன் மதிப்பான்? அடுக்கடுக்கா வார்த்தையைக் கொட்டு. கேக்குறவனுக்குப் பாதி புரியக் கூடாது” என்றது. அதற்கும்தான்.

ஆந்தை கடைசியாகச் சொன்னது: “கதை சொல்லும்போது கண்ணை மூடிக்கொள். கேட்கிறவனின் மூஞ்சியைப் பார்த்தால் கற்பனை கலைந்துவிடும்.” இதைக் கேட்டபோது ஓணான் ஆட்டிய ஆட்டத்தில் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

இந்த ஐந்து பேரில் ஒருவர்கூட முதலைக்கு முன்னால் போய் நின்றவர் இல்லை. யோசனை சொல்கிறவர்களுக்கு அதெல்லாம் எதற்கு?

இதற்குள் காட்டில் எல்லோருக்கும் நாக்கு வறண்டுவிட்டது. கிழங்கைத் தோண்டிச் சப்பியும், விடிகாலைப் பனியை இலையில் நக்கியும் எத்தனை நாளைக்கு ஓட்ட முடியும்? ஒரு நாள் மதியம் புள்ளிமான் ஒன்று தன் குட்டியோடு ஓணானைத் தேடி வந்தது.

“தம்பி, கதை தயாராயிடுச்சா?”

“இன்னும் ஒரே ஒரு யோசனை கேக்கணும்க்கா. வௌவால் ஊருல இல்லை.”

“எனக்குப் பால் வத்திப்போச்சுப்பா” என்றது மான். “இவ முட்டிமுட்டிப் பார்க்குறா. ஒண்ணும் வரலைன்னதும் பேசாமப் படுத்துக்குறா. நேத்து வரைக்கும் அழுதா. இன்னைக்கு அழவும் இல்லை. எனக்கு அதுதான் பயமா இருக்கு.”

ஓணான் குட்டியைப் பார்த்தது. குட்டி நாக்கைத் தொங்கவிட்டபடி நின்றது. ஓணானுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“இன்னைக்குச் சாயங்காலமே சொல்றேன்க்கா” என்றது.

சாயங்காலம் எல்லா மிருகங்களும் குளக்கரையில் கூடின. தண்ணீர் நடுவில் கொஞ்சம்தான் கிடந்தது. சுற்றிலும் சேறு. முதலை மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தது. அதன் மூக்குக்கு எதிரே ஒரு கல்லில் ஓணான் ஏறி உட்கார்ந்தது. வழவழப்பான கல்தான். மேற்கே பார்த்து இருந்தது, அது வேறு விஷயம்.

“ஆரம்பி” என்று கண்ணை மூடிக்கொண்டது முதலை.

ஓணானும் கண்ணை மூடிக்கொண்டது.

“ஒரு வானம்” என்று தொடங்கியது. “அந்த வானத்தில் ஒரு மேகம். அது மயில்தோகை போன்ற மேகம்...”

“ம்” என்றது முதலை. தண்ணீரில் ஒரு குமிழி வந்தது.

குட்டிகளுக்குத்தான் முதல் தண்ணீர் என்பது அங்கே வழக்கம். மானும் குட்டியும் மெல்ல இறங்கின. தண்ணீரைக் கண்டதும் குட்டிக்கு நிதானம் தவறிவிட்டது. குறுக்கே பாய்ந்தது. நாலு காலும் சேற்றுக்குள் போய்விட்டன.

“அந்த மேகத்தின் கீழே ஒரு முயல். அந்த முயலின் கொள்ளுத்தாத்தாவுக்குத் தாத்தா...”

“ம்...” என்று இழுத்தது முதலை.

தாய்மான் குட்டியின் கழுத்தைக் கவ்வி இழுத்தது. சேறு விடவில்லை.

“அவர் வீரத்தில் விளைந்த வேங்கை, தீரத்தில் திளைத்த திலகம், காரத்தில்...”

இந்த முறை “ம்” வரவில்லை. முதலை இடது கண்ணைத் திறந்தது. வாலை ஒரு தரம் அசைத்தது. கரையில் இருந்த முயல்களும் அணில்களும் ஓட்டம் எடுத்தன. ஓணான் மட்டும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, “காரத்தில் கனிந்த கற்கண்டு” என்று போய்க்கொண்டே இருந்தது. அதன் முகத்தில் அப்படி ஒரு பரவசம்.

“தம்பி” என்று மான் சேற்றிலிருந்து மெதுவாகக் கூப்பிட்டது. “தம்பி, ‘ம்’ நின்னுபோச்சுப்பா.”

ஓணான் கண்ணைத் திறந்தது. எதிரே முதலையின் வாய் மெல்லத் திறந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் சேற்றில் குட்டி. குட்டியை விட்டுவிட்டு ஓட மனமில்லாமல் தாய். ஓணானுக்கு மேகம், தோகை, கொள்ளுத்தாத்தா எல்லாம் மறந்துபோயின. கண்ணில் பட்டது மட்டும் வாயில் வந்தது.

“ஒரு மான்குட்டி சேத்துல மாட்டிக்கிச்சு.”

முதலையின் வாய் பாதியில் நின்றது. “எங்கே? கதையிலயா?”

“கதையிலதான்.”

“அப்புறம்?”

“அம்மா இழுத்துப் பார்க்குது. வரலை. தண்ணி அதோ இருக்கு, எட்டலை.”

“அதை முதல்லயே சொல்றதுக்கு என்ன கேடு?” என்று முதலை வாயையும் கண்ணையும் மூடிக்கொண்டது. “மேலே சொல்லு.”

ஓணான் இப்போது முதலையின் மூஞ்சியைப் பார்த்தே சொன்னது. நடுநடுவே குட்டியையும் பார்த்துக்கொண்டது.

“குட்டிக்குச் சத்தம் போடக்கூடத் தெம்பு இல்லை.”

“ம்.”

“அம்மா மடியில பால் இல்லை. ஓடிப்போனா அம்மா தப்பிச்சுடும். ஆனா அது ஓடலை.”

“ம்.”

அப்போது ஓணானுக்கு ஒன்று தோன்றியது. கரையில் காட்டுப்பன்றி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஓணான் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு சொன்னது:

“அப்போ கரையில நின்ன ஒரு காட்டுப்பன்றி, கீழே கிடந்த காய்ஞ்ச கிளையை இழுத்துட்டு வந்து சேத்து மேல போட்டுச்சு.”

காட்டுப்பன்றி ஆர்வமாகக் கதை கேட்டுக்கொண்டிருந்தது.

“போட்டுச்சு” என்று அழுத்திச் சொன்னது ஓணான். “அந்தப் பன்றி கொஞ்சம் மந்தம். எடுத்தவுடனே போடலை. தனக்குப் பக்கத்துலயே, வலது பக்கத்துலயே கிளை கிடக்குறதை அது பார்க்கலை.”

பன்றி வலது பக்கம் திரும்பிப் பார்த்தது. கிளை கிடந்தது. கிளையைப் பார்த்தது, குட்டியைப் பார்த்தது, ஓணானைப் பார்த்தது. ஒருவழியாக விளங்கிவிட்டது. பூனை போல நடந்து போய்க் கிளையை இழுத்துவந்து சேற்றில் போட்டது.

“ஏண்டா, அந்தக் குளத்துல முதலை கிடையாதா?” என்று கேட்டது முதலை.

“இருந்துச்சு.”

“அது என்ன பண்ணிட்டிருந்துச்சு?”

“கதை கேட்டுட்டு இருந்துச்சு.”

“அறிவுகெட்ட முதலை” என்றது முதலை. “சரி, சொல்லு.”

குட்டி முன்னங்கால்களைக் கிளைமேல் ஊன்றியது. தாய் பின்னாலிருந்து முட்டித் தள்ளியது. ஓணான் அதை அப்படியே சொன்னது. ஒரு கால் வந்தது என்றால் ஒரு கால், வழுக்கி விழுந்தது என்றால் விழுந்தது. முதலையின் “ம்” இப்போது அவசரமாக வந்தது. சொல்லி முடிப்பதற்கு முன்னாலேயே வந்தது.

“வெளியே வந்துடுச்சா?”

“வந்துடுச்சு.”

“தண்ணி?”

“குடிக்குது. இப்பத்தான் வாய் வெச்சிருக்கு.”

முதலை மெதுவாகச் சொன்னது: “குடிக்கட்டும். நீ சட்டுன்னு முடிச்சுடாதே.”

ஓணான் முடிக்கவில்லை. குட்டி வயிறு நிறையக் குடித்தது. தாய் குடித்தது. ஓடிப்போன முயல்களும் அணில்களும் திரும்பி வந்து குடித்தன. அத்தனையையும் ஓணான் கதையில் சேர்த்துக்கொண்டது. எல்லோரும் கரையேறியதும், தானும் பக்கத்து மரத்தில் ஏறிக்கொண்டு, “அவ்வளவுதான் கதை” என்றது.

முதலை கண்ணைத் திறந்தது. கரையெங்கும் குளம்படித் தடம். சேற்றுமேல் ஒரு காய்ந்த கிளை. முதலை அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

“அடப்பாவி” என்றது. “அந்த முதலை நான்தானா?”

ஓணான் மரத்தில் இன்னும் கொஞ்சம் மேலே ஏறிக்கொண்டது.

“நாளைக்கும் வா” என்றது முதலை. “ஆனா முதலைக்குக் கொஞ்சம் புத்தியைக் கொடு. கேட்கவே சகிக்கலை.”

மறுநாள் காலையில் மயிலும் கிளியும் குரங்கும் ஓணானைப் பார்க்க வந்துவிட்டன. ஆமை வழியில் வந்துகொண்டிருந்தது. ஆளுக்கு ஒரு புது யோசனை கொண்டுவந்திருந்தன.

“அதெல்லாம் அப்புறம்” என்றது ஓணான். “சாயங்காலத்துக்கு ஒரு கதை வெச்சிருக்கேன். இப்போ உங்களுக்குச் சொல்லிப் பார்க்குறேன். நீங்க ‘ம்’ மட்டும் கொட்டுங்க, போதும். எங்கே ‘ம்’ நிக்குதோ அந்த இடத்தை நான் வெட்டிடறேன்.”

கதை எழுத ஆசைப்படுகிறவர்களே, ஊரெல்லாம் யோசனை கேட்டுத் தயாராவதால் கதை வராது. கண்ணால் பார்த்ததை, கேட்கிறவர் முகம் பார்த்து, இன்றைக்கே சொல்லத் தொடங்குகிறவருக்குத்தான் அது வரும்.