வானத்துக் கல் கேட்ட தலை

ரொம்பக் காலத்துக்கு முன்னால் நெடுங்கரை நாட்டைக் கொற்றவேலன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் காலையில் மாலை போட்டவனை மத்தியானமே சிறையில் போடுவான்.

ஒரு நாள் பட்டப்பகலில் வானம் கிழிந்ததுபோல ஒரு சத்தம். கோட்டை மைதானத்தில் ஒரு கல் வந்து விழுந்தது. ஆட்டுக்குட்டி அளவு இருக்கும். மேலெல்லாம் தீய்ந்துபோன கருப்பு. நாய்கள் அதன் பக்கமே போகவில்லை.

ராஜா அதைச் சபா மண்டபத்தில் வைக்கச் சொன்னான். அரண்மனைச் சோதிடர் அம்பலவர் தினமும் அபிஷேகம் செய்தார். கொஞ்ச நாளில் கல்லின் வெடிப்புகளிலிருந்து சிவப்பாக ஏதோ கசிந்தது. துடைத்தால் மறுபடி கசிந்தது. காவல்காரர்கள் அதற்கு முதுகு காட்டி நிற்கவே பயந்தார்கள்.

"ரத்தம், மகாராஜா" என்றார் அம்பலவர். "கல்லுக்கு உயிர் இருக்கிறது. பசியோடு இருக்கிறது. இந்த நாட்டின் கூர்மையான தலையைப் பலியாகக் கேட்கிறது."

கூர்மையான தலை என்றால் மந்திரி தத்தனார்தான். அவருக்குக் கிடைத்த மரியாதையைப் பார்த்துப் பார்த்து வெந்துகொண்டிருந்தவர் அம்பலவர்.

ராஜா தத்தனார் பக்கம் திரும்பினான். "வேறு வழி தெரியவில்லையே, மந்திரி."

தத்தனாருக்கும் பயம்தான். குரலில் காட்டிக்கொள்ளவில்லை. "கல் கேட்டதாகச் சோதிடர்தானே சொல்கிறார்? கல்லே சொல்லட்டும், நானே போய்ப் பலிபீடத்தில் தலையை வைக்கிறேன்."

"கல் எங்கேயாவது பேசுமா?"

"பசிக்கிற வாய் பேசாதா, மகாராஜா?"

தத்தனார் சொன்னபடி கொல்லனைக் கூப்பிட்டுக் கல்லின் ஒரு மூலையை உடைத்தார்கள். குப்பென்று கந்தக வாடை. உடைந்த பக்கத்தில் பொட்டுப் பொட்டாக ஏதோ மின்னியதைத் தத்தனார் கவனித்துக்கொண்டார். சில்லை இடித்துப் பொடியாக்கி வாழையிலையில் பரப்பினார்கள்.

தத்தனார் அதன்மேல் கையை நீட்டினார். "கல்லே, நான் வேண்டுமா?"

பொடி அசையவில்லை.

பிறகு பட்டுத்துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை அம்பலவரிடம் கொடுத்தார். "அபிஷேகம் செய்த கை உங்களுடையது. இதைப் பிடித்துக்கொண்டு நீங்களும் கேளுங்கள்."

அம்பலவர் கம்பீரமாகப் பொட்டலத்தை இலைக்கு அருகே தாழ்த்தினார். பொடி நெளிந்தது. மயிர் சிலிர்ப்பதுபோல நிமிர்ந்து எழுந்தது. துள்ளி வந்து பொட்டலத்தைக் கவ்வியது.

காவல்காரர்கள் பின்னால் நகர்ந்தார்கள்.

"உம்மைத்தான் கேட்கிறது!" ராஜா அலறினான். "இழுத்துப் போங்கள் பலிபீடத்துக்கு!"

"ஐயோ மகாராஜா! அது ரத்தமில்லை, துரு! உப்புத்தண்ணீரை ஊற்றி ஊற்றி நான்தான் துருப்பிடிக்க வைத்தேன்!"

தத்தனார் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே காந்தக்கல். "கல்லுக்குள் இரும்பு மணல்மணலாக இருக்கிறது, மகாராஜா. நம் இரும்பைவிட வெளுப்பாக மின்னுகிறது. வேறேதோ உலோகமும் கலந்திருக்கும். கந்தகமும் உண்டு. உயிர் மட்டும் இல்லை."

ராஜாவின் முகம் சிறுத்துப்போனது. "அம்பலவரே, இனி நீர் வானத்தைப் பார்க்க வேண்டாம். குதிரை லாயத்தில் லாடத்துருவைத் தேய்த்துக்கொண்டிரும்!" பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "மந்திரி, என்ன வேண்டுமோ கேளும்" என்றான்.

"அந்தப் பலிபீடத்தை இடித்துவிடுங்கள்."

அன்றைக்கே இடித்தார்கள். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ராஜா இலையருகே குனிந்தான். "இரும்பு போக மிச்சம் என்ன?"

"பச்சையும் சாம்பலுமாகக் கல்பொடி. அதெல்லாம் நம் மலைகளிலும் உண்டு. இதுமட்டும்தான்..." தத்தனார் கடுகளவு உருண்டை ஒன்றை எடுத்து ராஜாவின் உள்ளங்கையில் வைத்தார். "உருகிய கல், சொட்டாக இருக்கும்போதே உறைந்ததுபோல இருக்கிறது. நம் மண்ணில் நான் இப்படிக் கண்டதில்லை."

"கல்லை உருக்கும் நெருப்பை வானத்தில் யார் மூட்டினார்கள்?"

"தெரியவில்லை, மகாராஜா."

ராஜா அந்த உருண்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு, அடுத்தவர் வீட்டுப் பொருளை வைப்பதுபோல, மெல்ல அதை இலையில் திரும்ப வைத்தான்.