அரசர் காருக்கு அசல் பெல்ட்

வேங்கைப்பாடி நாட்டில் ஒரே ஒரு கார்தான் இருந்தது. அது யாருடையது என்று கேட்கத் தேவையில்லை. அரசர் மகுடவர்மர் அதில் ஏறினால் தெருவே வேடிக்கை பார்க்கும்.

ஒருநாள் அந்தக் காரின் மெக்கானிக்கும் டிரைவருமான சவரிமுத்து சபைக்கு வந்தான்.

"மகாராஜா, டைமிங் பெல்ட் தேய்ந்துவிட்டது. உடனே மாற்ற வேண்டும்."

"அது என்ன பெல்ட்?"

"எஞ்சினுக்குள் இருக்கும் பாகங்களை ஒன்றோடொன்று மோதாமல் முறையாக ஓட வைக்கிற பல் வைத்த ரப்பர் பட்டை. அறுந்தால் எஞ்சினே போய்விடும். பக்கத்து நாட்டுக் கடைத்தெருவில் நல்லதாக ஒன்று பார்த்து வாங்கி வந்திருக்கிறேன்."

மந்திரி வயிரவநாதர் துள்ளி எழுந்தார்.

"கடைத்தெரு பெல்ட்டா! அரசர் காருக்கா! கார் கம்பெனியின் அசல் பெல்ட் கருவூலத்தில் இருக்கும்போதா?"

அவர் கை தட்டினார். காவலர் ஒரு வெள்ளிப் பேழையைத் தூக்கி வந்தார்கள். மந்திரி பட்டுத்துணியை விலக்கினார். சபை முழுவதும் சந்தனமும் நல்லெண்ணெயும் மணந்தன. உள்ளே பெல்ட் பளபளவென்று மின்னியது.

"கார் வந்த அன்றே கம்பெனி கொடுத்தது. பதினோரு வருடமாக ஆயுத பூஜைக்கு என் கையாலேயே எண்ணெய்க் காப்பு செய்து, கற்பூரம் காட்டிப் பாதுகாக்கிறேன்!"

சவரிமுத்து பதறி முன்னே வந்தான்.

"ஐயா, ரப்பருக்கு எண்ணெய்..."

"வாயை மூடு! நீ கம்பெனியை விடப் பெரியவனா?"

அரசருக்கும் வெள்ளிப் பேழை பிடித்துப்போயிற்று.

"சவரிமுத்து, நாளை மலைப்பாதை வழியாக மகாராணியை அழைத்து வரப் போகிறேன். அசல் பெல்ட்டையே பூட்டு. வழியில் அறுந்தால் உனக்கு வேலை போச்சு. பூட்ட மாட்டேன் என்றாலும் வேலை போச்சு."

சவரிமுத்து பரிதாபமாக விதூஷகர் பூவராகனைப் பார்த்தான். பூவராகன் எழுந்தார்.

"மந்திரியார் சொல்வதே சரி, மகாராஜா. இந்தக் கார் விஷயத்தில் கம்பெனி சொல்வதே சட்டம். மீறுகிறவன் ராஜத் துரோகி."

"அண்ணே, நீங்களுமா?" என்று முனகினான் சவரிமுத்து.

மந்திரிக்கு ஒரே மகிழ்ச்சி. "இதை ஆணையாகவே எழுதிவிடலாம், மகாராஜா!"

ஆணை எழுதப்பட்டது. மந்திரி முந்திக்கொண்டு சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அரச முத்திரையும் விழுந்தது. மை காயும் வரை பூவராகன் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு கேட்டார்:

"சவரிமுத்து, காரோடு கம்பெனி ஒரு புத்தகம் கொடுத்ததே, எங்கே?"

"என் பையில்தான் இருக்கிறது, அண்ணே."

"பெல்ட்டைப் பற்றி அதில் என்ன போட்டிருக்கிறது? உரக்கப் படி."

சவரிமுத்து புரட்டிப் படித்தான்.

"'ஐந்து வருடத்துக்கு மேல் வைத்திருந்த பெல்ட்டைப் பூட்டக் கூடாது. எண்ணெய் பட்ட பெல்ட்டை எக்காரணம் கொண்டும் பூட்டக் கூடாது. இதே அளவும் இதே தரமும் உள்ள புதிய பெல்ட்டை, யார் செய்ததானாலும், பூட்டலாம்.'"

பூவராகன் பேழையிலிருந்த பெல்ட்டை எடுத்து லேசாக வளைத்தார். அதன் முதுகில் கோடு கோடாக வெடிப்புகள் தெரிந்தன. இரண்டு பல் உதிர்ந்து மந்திரியின் காலடியில் விழுந்தன.

"நீ வாங்கியது எப்படி?" என்று சவரிமுத்துவிடம் கேட்டார் அரசர்.

"அளவும் தரமும் புத்தகத்தில் உள்ளபடியே இருக்கின்றன, மகாராஜா. செய்த மாதமும் வருடமும் அதன் மேலேயே அச்சிட்டிருக்கிறது. விலை மலிவாகவும் ஒன்று கிடைத்தது. பல் ஒழுங்காக இல்லை, வேண்டாமென்று வந்துவிட்டேன்."

மந்திரி விடவில்லை. "இது அறுந்தால் யார் பொறுப்பு?"

"ஓட்டப் போகிறவன் நான்தானே, ஐயா? அந்த மலைப்பாதையில் நானும் அதே காரில்தானே இருப்பேன்?"

அரசர் நெற்றியைத் தடவினார். நாளைக்கு அதே காரில் தாமும் இருக்கப் போவது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"சவரிமுத்து, உன் பெல்ட்டையே பூட்டு. உன் வேலைக்கு இனி நானே பொறுப்பு. பூவராகரே, ஆணைப்படி பார்த்தால் மந்திரியார் ராஜத் துரோகி ஆகிறாரே! என்ன தண்டனை கொடுக்கலாம்?"

"தண்டனை எதற்கு, மகாராஜா? பதினோரு வருட பக்தியை வீணாக்கலாமா? அந்தப் பெல்ட்டை மந்திரியாரே வீட்டுக்குக் கொண்டுபோய் ஆயுள் முழுவதும் பூஜை செய்யட்டும். எண்ணெய்க் கிண்ணத்தோடு கார் பக்கம் மட்டும் வராமலிருந்தால் போதும்!"

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். மறுநாள் காரில் முன் சீட்டைப் பூவராகனுக்கே கொடுத்தார்.