பூட்டி வைத்த நெட்

ஓய்வுபெற்ற தாசில்தார் ஞானசிகாமணி யாரையும் நம்பாதவர். சிம் கார்டு போட்ட இணையப் பெட்டியை யாரும் தொடக்கூடாதென்று இரும்பு பீரோவுக்குள் வைத்து, பின்புறம் துளை போட்டு ஒயர் இழுத்து, பூட்டிவிட்டார். அன்றிலிருந்து கம்ப்யூட்டரில் எந்தப் பக்கமும் பாதிக்கு மேல் திறக்கவில்லை.

சமையல்காரி செண்பகவடிவைக் கூப்பிட்டார்.

"நெட்டை எல்லாம் நீதான் உன் செல்லுல உறிஞ்சுற. சாயங்காலத்துக்குள்ள பக்கம் முழுசாத் திறக்கணும். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே. பெட்டியைத் தொடவும் கூடாது."

"சரிங்கய்யா. உங்க செல்லையும் பீரோவுல வச்சுப் பூட்டிருங்க. அதையும் நான் எடுத்துட்டா?"

அவருக்கு நியாயமாகப் பட்டது. பூட்டினார்.

அவள் தன் செல்லிலிருந்து அவர் எண்ணை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்."

"ஐயா, உங்க செல்லு ஊரைவிட்டே போயிருச்சாம். அதுவும் என் வேலைதானா? இரும்புக்குள்ள சிக்னல் எப்படிய்யா நுழையும்?"

தாசில்தார் பீரோவைத் திறந்தார். செல்லைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியை ஜன்னலோரம் வைத்தார். பென்ஷன் பக்கம் கடைசி வரி வரை திறந்தது.

"நாளைக்கு வரட்டுமாய்யா?"

"வா" என்றவர், காலி பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.